சொந்த மெயில் சர்வர்: ஸ்பாம்ஹவுஸ் ஜென் போட்டும் ஸ்பாம் நிற்கவில்லை, இப்போது நல்ல மெயிலும் வரவில்லை

போர்ட்25:
டெபியன் 12, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் வாங்கி அனுப்புவது), டவ்காட் (பெட்டியில் வைத்துப் படிக்கத் தருவது), ஆர்ஸ்பாம்டி (ஸ்பாம் வடிகட்டி). 2 ஜிபி விபிஎஸ் (வாடகை சர்வர்). சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 (கூகுளின் பொது ரிசால்வர்). ஸ்பாம் ஐபிகளின் பட்டியலான ஸ்பாம்ஹவுஸ் ஜென்னை, 127.0.0.[2..11] என்ற பதில் வந்தால் மட்டும் மறுக்கும் வடிகட்டியோடு போட்டு ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் நாளைக்கு அறுபது எழுபது ஸ்பாம். இன்ஃபோ, சேல்ஸ் என்று நான் உருவாக்காத முகவரிகளுக்கும் வருகிறது (கேட்ச்-ஆல் இருக்கிறது, அதாவது டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும்). நேற்று அந்த வடிகட்டியை எடுத்தேன். அதிலிருந்து வங்கி ஓடிபி உட்பட எல்லாமே 554 என்ற மறுப்பு வாங்கித் திரும்புகின்றன. எங்கே தப்பு?

தபால்பெட்டி:
8.8.8.8 தான் வில்லன். பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் உண்மையான பதில் சொல்லாது. எந்த ஐபிக்கும் 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத்தான் தரும். வடிகட்டி இருந்தவரை அது பொருந்தவில்லை, அதனால் ஒரு ஸ்பாமும் சிக்கவில்லை. வடிகட்டியை எடுத்ததும் அந்தப் பிழையையே "லிஸ்ட்டில் இருக்கிறான்" என்று போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொள்கிறது.

முதல் வேலையாக போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை 'எஸ்' (yes) என்று மாற்றி ரீலோடு செய்யுங்கள். 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்பெல்லாம் 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பாகிவிடும், அனுப்பும் சர்வர் மறுபடி முயலும். பிறகு வடிகட்டியைத் திரும்பப் போட்டு, அன்பவுண்டை (சொந்த டிஎன்எஸ் ரிசால்வர்) நிறுவி டிஎன்எஸ்ஸை 127.0.0.1 ஆக்குங்கள். அன்பவுண்டில் கேள்வியை வேறு ரிசால்வருக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டர் எதுவும் வேண்டாம், வைத்தால் பழைய கதைதான். 2.0.0.127 என்பதை ஜென்னின் டிஎன்எஸ் பெயருக்கு முன்னால் ஒட்டி 'டிக்' (டிஎன்எஸ் கேட்கும் கட்டளை) அடியுங்கள்: 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 வந்தால் சரி. இன்னமும் அந்த 127.255.255.254 வந்தால் உங்கள் ஐபியின் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயர் காட்டும் பதிவு) விபிஎஸ் கம்பெனி கொடுத்த பொதுப்பெயராக இருக்கும்; அதற்கு உங்கள் சர்வர் பெயரில் முறையான பிடிஆர் பதிவு வையுங்கள், அல்லது ஸ்பாம்ஹவுஸில் இலவச டிக்யூஎஸ் சாவி (பட்டியலை நேரடியாகக் கேட்கும் சொந்தச் சாவி) வாங்குங்கள்.

ரூட்டு:
கேட்ச்-ஆலை எடுங்க, பாதி ஸ்பாம் அதிலேயே போயிடும். அதுக்கு முன்னாடி ஒரு மாச லாக்ல நிஜமா எந்தெந்த முகவரிக்கு மெயில் வந்திருக்குன்னு பார்த்து, அதுக்கு மட்டும் அலியாஸ் (உங்க பெட்டிக்குத் திருப்பிவிடும் மாற்றுப்பெயர்) போடுங்க. இல்லாத முகவரியை, பெறுநர் யாருன்னு சொல்ற ஆர்சிபிடி கட்டத்திலேயே 550 சொல்லித் திருப்பணும். வாங்கி வச்சுட்டு அப்புறம் பவுன்ஸ் (போய்ச் சேரலைன்னு சொல்ற திருப்பு மெயில்) அனுப்பினா, அது போலி அனுப்புநர் முகவரிக்குச் சொந்தக்காரர் தலையில் விழும். உங்க ஐபிதான் லிஸ்ட்டுல ஏறும்.

பேக்கப் எம்எக்ஸ் (முதல் சர்வர் படுத்தா மெயில் வாங்குற மாற்று சர்வர்) இருந்தா அதையும் தூக்கிடுங்க. காவல் குறைவா இருக்கும்னு ஸ்பாம்காரன் அந்தப் பின்வாசலுக்குத்தான் முதல்ல வருவான். உங்க சர்வர் ஒரு நாள் படுத்தாலும், அனுப்புற சர்வர் சாதாரணமா நாலஞ்சு நாள் கியூவுல வச்சு முயலும்.

வடிகட்டி:
மிச்சத்துக்கு போஸ்ட்ஸ்கிரீன், அதாவது போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலாளி. நம் சர்வர் 220 என்று வணக்கம் சொல்வதற்குள் பேச ஆரம்பிக்கும் பாட்களை (ஸ்பாம் அனுப்பும் தானியங்கி நிரல்கள்) 6 விநாடிக் காத்திருப்பு பிடித்துவிடும். ஆனால் 220-க்குப் பிந்தைய ஆழமான சோதனைகளை ஆன் செய்யாதீர்கள். நல்ல சர்வரையும் ஒருமுறை திருப்பி அனுப்பும், பெரிய நிறுவனங்கள் அடுத்த முறை வேறு ஐபியில் வரும், ஓடிபி காலாவதியாகிவிடும்.

ஆர்ஸ்பாம்டியின் பேய்ஸ் (பழைய மெயில்களிலிருந்து கற்கும் பகுதி), ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 இரண்டையும் படித்த பிறகே வாய் திறக்கும். ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

போர்ட்25:
அன்பவுண்ட் போட்டாச்சு, டிக் சரியாக மூன்று பதில் தருகிறது. ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் இன்னும் ஜென் ஒன்றையும் பிடிக்கவில்லையே?

தபால்பெட்டி:
டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி புராசஸ் சிரூட்டுக்குள் (வெளிக் கோப்புகள் தெரியாத தனி அறை) ஓடும். அதன் ஸ்பூல் டைரக்டரிக்குள் இருக்கும் ரிசால்வ் கோப்பின் (எந்த டிஎன்எஸ் என்று சொல்வது) நகலில் 8.8.8.8 அப்படியே இருக்கும், பாருங்கள். ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

போர்ட்25:
அதேதான். ரீஸ்டார்ட் செய்ததும் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. சாஃப்ட் பவுன்ஸை ஆஃப் செய்துவிட்டேன், கேட்ச்-ஆல் இன்று இரவு.