மறு: ‘பொதுக் கல்வித் தேவைகள்’ – எதற்குப் பெயர் வைக்கிறோம்?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிப் படிப்பைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்காக நாம் எழுதும் கையேட்டின் சொற்பட்டியலில் ‘ஜெனரல் எஜுகேஷன் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்ற வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. பொதுக் கல்வித் தேவைகள், அடிப்படைப் பாடங்கள், கட்டாயப் பாடங்கள், துணைப்பாடங்கள், அகல்கல்வி என்று ஐந்து பரிந்துரைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்தும் ஒரே பொருளுக்கு வைத்த பெயர்கள் இல்லை. ஒன்று கல்வியின் தன்மையைச் சொல்கிறது, ஒன்று பாடத்தின் தரத்தைச் சொல்கிறது, இன்னொன்று மாணவருக்கு உள்ள கட்டாயத்தைச் சொல்கிறது. அதனால் முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சொல்லுக்கு அப்புறம் வருகிறேன்.

கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்கிறேன். நம் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். அம்மாநிலத்தின் 116 சமுதாயக் கல்லூரிகளில் ஈராண்டுப் பட்டம் வாங்க 60 செமஸ்டர் கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் புள்ளி) வேண்டும். டி ஆன்சா, ஃபுட்ஹில் போலக் காலாண்டு முறையில் நடக்கும் கல்லூரிகளில் அதுவே 90. இந்த 60இல் குறைந்தது 18 மாணவர் எடுத்த துறைக்குரியது. குறைந்தது இன்னொரு 21, அவர் எந்தத் துறையில் இருந்தாலும் படித்தே ஆக வேண்டியது. கணக்குப்பதிவியல் படிக்கிறவரும் உயிரியல் படிக்கிறவரும் ஓவியம் படிக்கிறவரும் இந்த 21ஐ முடித்தால்தான் பட்டம். ஆங்கிலக் கட்டுரை எழுதுதல் 3, பேச்சும் தர்க்கச் சிந்தனையும் 3, கணிதம் 3, கலை இலக்கியம் தத்துவம் சார்ந்தது 3, சமூக அறிவியல் 3, இயற்கை அறிவியல் 3, அமெரிக்கப் பழங்குடிகள், ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் வம்சாவளி மக்களின் வரலாற்றையும் வாழ்வையும் பேசும் இன ஆய்வுப் பாடம் 3. நாம் பெயர் தேடுவது இதற்குத்தான்.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏழு இடங்களிலும் ‘இந்தப் பாடத்தைத்தான் படி’ என்று கல்லூரி சொல்வதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து மாணவரே எடுத்துக்கொள்ளலாம். கலை என்ற இடத்தில் ஒருவர் இசை வரலாறு எடுப்பார், இன்னொருவர் சினிமா ரசனை எடுப்பார். இரண்டு பேருக்கும் அந்த இடம் நிரம்பிவிடும். ஆக, எல்லாருக்கும் பொதுவாக இருப்பது பாடம் இல்லை, நிபந்தனை.

அது மட்டுமில்லை. ‘உளவியல் அறிமுகம்’ என்ற பாடம் உளவியல் மாணவருக்குத் துறைப்பாடம். அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணினி மாணவருக்கு அது சமூக அறிவியல் இடத்தை நிரப்பும் பாடம். உளவியல் மாணவருக்கே கூட அந்த ஒரு பாடம் துறைக் கணக்கிலும் சேரலாம், இந்தக் கணக்கிலும் சேரலாம். ஆகவே இது பாடத்தின் மேல் ஒட்டும் பெயராக இருக்க முடியாது. பாடம் எந்தக் கணக்கில் சேருகிறது என்பதைச் சொல்லும் பெயராக இருக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்ப்போம்.

> ‘பொதுக் கல்வித் தேவைகள்’ என்றே வைத்துவிடலாம். மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கமாக இருப்பதுதான் இங்கே சிக்கல். ‘பொதுக் கல்வித் தேவைகள்’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், பள்ளிக்கூடக் கட்டடம், ஆசிரியர் பணியிடம், பாடநூல் அச்சடிப்பு என்று ஏதோ வரவுசெலவுத் திட்ட அறிக்கை என்றுதான் நினைப்பேன். தமிழில் தேவை என்றால் நமக்கு வேண்டியது. நம்மிடம் பிறர் கேட்பதைத் தேவை என்று சொல்லும் பழக்கம் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது. ‘பொதுக் கல்வி’யும் சும்மா கிடக்கும் சொல் இல்லை. தொழிற்கல்விக்கு எதிர்ச்சொல்லாகத் தமிழ்நாட்டில் அது புழங்குகிறது. இலங்கையில் பள்ளிக் கல்வி முழுவதுக்கும் அதுதான் பெயர். அங்கே பள்ளிப் பொதுத்தேர்வைக் குறிக்கும் க.பொ.த. என்ற சுருக்கத்தின் விரிவே ‘கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்’. ‘பொதுக் கல்வியை முடித்துவிட்டாயா?’ என்று யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவரைக் கேட்டால், சாதாரண தரம் எழுதினாயா, உயர்தரம் எழுதினாயா என்று கேட்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். கல்லூரியில் சேர்ந்த பிறகு படிக்கிற ஒன்றுக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

> அடிப்படைப் பாடங்கள். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஈராண்டுக் கல்லூரிகளில் நிஜமாகவே அடிப்படைப் பாடங்கள் என்று ஒரு வகை உண்டு. பள்ளிக் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியவர்களுக்கு நடத்தும் வகுப்புகள் அவை. அவற்றின் கிரெடிட் பட்டக் கணக்கில் சேராது. கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இந்த வகுப்புகளிலேயே தேங்கிப்போனதால்தான் 2017இல் ஏபி 705 என்ற சட்டம் வந்தது. பள்ளி மதிப்பெண்ணை வைத்து மாணவர்களை முடிந்தவரை நேராகக் கல்லூரி நிலைப் பாடத்திலேயே சேர்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பட்டத்தில் சேரும் பாடங்களுக்கும் சேராத பாடங்களுக்கும் நாம் ஒரே பெயர் வைத்தால், கையேட்டை நம்பிப் படிக்கும் குடும்பம் தவறான வகுப்பில் பணத்தையும் ஒரு பருவத்தையும் இழக்கும். இந்தச் சொல்லை நான் கடுமையாக மறுப்பதற்கு இதுதான் காரணம்.

கட்டாயப் பாடங்கள் என்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. துறைப்பாடங்களும் கட்டாயம்தானே? கட்டாயம் என்றால் தேர்வுக்கு இடமில்லை என்ற தொனியும் வந்துவிடுகிறது. மேலே சொன்னபடி இங்கே தேர்வுக்கு நிறையவே இடம் இருக்கிறது. துணைப்பாடம் வேண்டாம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அது தமிழ்ப் பாடநூலோடு வரும் கதைப்பகுதி. கல்லூரியில் சொல்லும் சார்புப் பாடமும் இது இல்லை, ஏனென்றால் அது துறைக்குத் துணையாக வருவது. இயற்பியல் மாணவர் படிக்கும் கணிதம் போல.

அகல்கல்வி அழகான சொல். உருவாக்கிய அம்மாவின் எண்ணமும் சரியானதே. கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகத்தின் பழைய திட்டத்தின் பெயரிலேயே ‘பரப்பு’ என்ற பொருள்கொண்ட சொல் இருந்தது. ஆனால் ‘அகல உழுகிறதை விட ஆழ உழுகிறது மேல்’ என்று சொல்லி வளர்ந்த வீடுகளுக்குத்தான் இந்தக் கையேடு போகிறது. ‘கம்ப்யூட்டர் படிக்கப் போனவனுக்கு வரலாறு எதற்கு?’ என்ற கேள்வி அந்த வீடுகளில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பெயரிலேயே அகலத்தை வைத்தால், பெயரே அந்தக் கேள்விக்கு எண்ணெய் ஊற்றும். விளக்கப் பகுதியில் அகலத்தைப் பற்றி நன்றாகவே எழுதலாம், எழுதவும் வேண்டும்.

அப்படியானால் என் பரிந்துரை: பொதுப்பாட நிபந்தனை.

துறைப்பாடம், பொதுப்பாடம், விருப்பப்பாடம் என்று மூன்றையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். 60 கிரெடிட்டும் இந்த மூன்று கணக்குகளுக்குள் அடங்கிவிடும். பட்டத்தில் சேராத வகுப்புகளை ‘ஆயத்தப் பாடம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம். ‘பொதுப்பாடம்’ என்று தனியாக எழுதும்போதும் பாடத்தைச் சுட்டாமல், ‘இந்தப் பாடம் பொதுப்பாடக் கணக்கில் சேரும்’ என்று வாக்கியத்தை அமைப்போம். ‘எந்தக் கணக்கில் சேரும்?’ என்பது நாம் வீட்டில் பேசும் பேச்சே. கல்லூரி ஆலோசகரிடம் மாணவர் கேட்க வேண்டிய கேள்வியும் சரியாக அதுதான்.

நிபந்தனை வடசொல் என்று ஓர் ஐயா நேற்றே சுட்டிக்காட்டினார். கடப்பாடு, வரையறை இரண்டையும் வைத்துப் பார்த்தேன். கடப்பாடு தார்மீகக் கடமை போல ஒலிக்கிறது. வரையறை இன்று ‘டெஃபினிஷன்’ ஆகிவிட்டது. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்பதை வங்கிப் படிவத்திலிருந்து விளம்பரம் வரை எல்லாரும் படிக்கிறார்கள். நிபந்தனையை நிறைவு செய்யலாம், நிறைவு செய்யாமல் விட்டால் பட்டம் கிடைக்காது. வினையோடும் ஒட்டுகிறது, விளைவையும் சொல்கிறது. தமிழ்வேரில் இதே வேலையைச் செய்யும் சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

> தமிழ்நாட்டில் இப்படி ஒன்று இல்லாததால் எந்தச் சொல் வைத்தாலும் விளங்காது.

இதை ஏற்க முடியவில்லை. கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. படித்த யாருக்கும் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் தெரியும். வேதியியல் மாணவரும் செய்யுள் படித்துத் தேர்வு எழுதினால்தான் பட்டம். துறைக்கு அப்பாற்பட்ட ஒன்றை முடித்தால்தான் பட்டம் என்ற எண்ணம் நமக்குப் புதிது இல்லை. கலிபோர்னியாவில் அது மொழியோடு நிற்காமல் ஆறேழு திசைக்கு விரிகிறது, அவ்வளவுதான். விளக்கப் பகுதியை இங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. இழையில் இன்னும் யாரும் தொடவில்லை. கலிபோர்னியாவில் பொதுப்பாட நிபந்தனை ஒன்று இல்லை, இரண்டு. மேலே சொன்ன 21 கிரெடிட் ஈராண்டுப் பட்டத்துக்கு மட்டும். ஈராண்டை முடித்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கோ கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகத்துக்கோ மூன்றாமாண்டில் போக நினைப்பவர்களுக்கு ‘கால்-கெட்சி’ என்ற திட்டம் இருக்கிறது. 2021இல் நிறைவேறிய ஏபி 928 சட்டத்தின்படி, 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இரண்டு பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் இது ஒன்றே. முன்பு இருந்த இரண்டு தனித்தனித் திட்டங்களின் இடத்தில் இது வந்தது. 11 பாடங்கள், 34 கிரெடிட்.

பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்றில்லை. பட்டத்துக்கு மட்டும் என்றால் பேச்சும் தர்க்கச் சிந்தனையும் சேர்ந்து ஓர் இடம். கால்-கெட்சியில் தர்க்கச் சிந்தனைக்கு எழுத்தோடு சேர்ந்த தனிப் பாடம், மேடைப் பேச்சுக்குத் தனிப் பாடம். பட்டத்துக்கு மட்டும் என்றால் அறிவியல் ஒன்று போதும். கால்-கெட்சியில் இயற்பொருள் அறிவியல் ஒன்று, உயிரறிவியல் ஒன்று, ஆய்வகமும் சேர்த்து 7 கிரெடிட். கலையும் சமூக அறிவியலும் அதில் இரண்டிரண்டு பாடங்கள். முதல் கணக்கை மட்டும் பார்த்துப் பாடம் எடுத்த மாணவர் பட்டத்தை வாங்கிய பிறகு, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில்தான் இன்னும் நான்கைந்து பாடம் குறைகிறது என்று தெரிந்துகொள்வார். கட்டணத்தை விட அந்த ஓராண்டுதான் பெரிய இழப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்கு அது படிப்பையே விடவைக்கும்.

அதனால் கையேட்டில் இரண்டு சொற்கள் வேண்டும். பட்டப் பொதுப்பாட நிபந்தனை, சேர்க்கைப் பொதுப்பாட நிபந்தனை. இப்படி மூன்றாமாண்டில் பல்கலைக்கழகத்துக்குப் போவதைச் சொல்லும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதற்கு இடமாற்றம் வேண்டாம், அது அரசு ஊழியருக்கு நடப்பது. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை பெறுவது தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த வழியிலேயே ‘மூன்றாமாண்டுச் சேர்க்கை’ என்றால் விளக்கமே வேண்டாம்.

டெக்சஸ் பற்றி டாலஸ் நண்பர் கேட்டிருந்தார். சொல் அங்கேயும் நிற்கும், எண் மாறும். அங்கே மாநிலம் முழுவதற்குமான பொதுப்பாடத் தொகுப்பு 42 செமஸ்டர் மணி (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்). அதில் அமெரிக்க வரலாற்றுக்கு 6, அரசமைப்பும் ஆட்சியும் பற்றிய பாடங்களுக்கு 6. வேலைக்கு நேரே அனுப்பும் பயன்முறைப் பட்டத்துக்கு 15 போதும். தென்மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஈராண்டுப் பட்டத்துக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பும் அதுதான். இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், ‘21 கிரெடிட் திட்டம்’ போன்ற எண்ணைச் சொல்லும் பெயர் எதுவும் நமக்கு உதவாது.

மேலே நான் ‘இடம்’ என்று சொன்னதைக் கல்லூரிகளில் ‘ஏரியா’ என்பார்கள். அதற்குப் பிரிவு என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பொதுப் பிரிவு’ என்று சேர்ந்துவிட்டால் கலந்தாய்வு, இடஒதுக்கீடு என்று மனம் எங்கேயோ போய்விடும். பாடப்புலம் என்று வைப்போம்: கலைப் பாடப்புலம், அறிவியல் பாடப்புலம். கிரெடிட்டைக் கலிபோர்னியர்கள் ‘யூனிட்’ என்பார்கள், அதை அலகு ஆக்கவும் வேண்டாம். நம் பாடத்திட்டங்களில் அலகு என்றால் ஒரு தாளின் ஐந்தில் ஒரு பகுதி. இப்போதைக்குக் கிரெடிட் என்றே இருக்கட்டும், அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

முதல் குறிப்பில் மட்டும் ‘பொதுப்பாட நிபந்தனை, கல்லூரியில் ஜி.இ. என்பார்கள்’ என்று எழுதிவிட்டால், ஆலோசகர் முன்னால் போய் உட்காரும் பெற்றோருக்கு இரண்டு பெயரும் கையில் இருக்கும்.

சேர்க்கைப் பொதுப்பாட நிபந்தனை சற்று நீளம் என்பது எனக்கும் தெரிகிறது. பொருள் குறையாமல் சுருக்க முடிந்தால் சொல்லுங்கள். இலங்கை நண்பர்கள் ‘பாடம்’ என்பதற்குப் ‘பாடநெறி’ என்று எழுதுவார்கள். ‘பொதுப்பாடநெறி’ என்று சேர்த்தால் அங்கே இயல்பாக இருக்குமா, இல்லை இப்போதிருக்கும் வடிவமே போதுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்.