புதுப்பிப்பு: சுங்குடிக் கடைத் தளத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றியாச்சு

மதுரை விளக்குத்தூண் பக்கம் சுங்குடி சேலைக் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் இணையதளம் ஆமையாக நகர்கிறது, ஹார்ட் டிஸ்க் ஹோஸ்டிங்கிலிருந்து (தளத்தை வாடகை சர்வரில் வைக்கும் சேவை) எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சித்திரைத் திருவிழா விற்பனை தொடங்குவதற்குள் மாற்றிவிட்டோம்.

வித்தியாசம் முதலில் தெரிந்தது தேடலில்தான். நிறம், விலை என்று வடிகட்டினால் இப்போது உடனே வருகிறது. டேட்டாபேஸ் (சேலை விவரங்கள் இருக்கும் தரவுத்தளம்) படிப்பதெல்லாம் வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னத் துண்டுகள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் (7,200 ஆர்பிஎம்) ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்று வரவே சராசரியாக 4 மில்லிசெகண்ட் ஆகும். படிக்கும் முனை நகரும் நேரம் தனி. ஆகவே இப்படிச் சிதறிய படிப்பு நொடிக்கு நூறு சொச்சம்தான் தாங்கும். எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. அதில் வேகம் குறைந்த சாதாரண சாட்டா வகையே நொடிக்குப் பல்லாயிரம் செய்யும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே டிஸ்க்கைப் பல தளங்கள் இழுப்பதால் இது இன்னும் உறைக்கிறது.

முகப்புப் பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு சேலைப் படமும் கேமராவிலிருந்து வந்தபடியே 4, 5 எம்பி! இணையம் வழியே அதை இறக்கத்தான் நேரம் பிடிக்கிறது, அதற்கு டிஸ்க் என்ன செய்யும்? சுருக்கி வெப்பி (WebP, அளவு குறைந்த பட வடிவம்) ஆக்கியதும் சரியாயிற்று. (இதற்கும் என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை) பிளான்தான் மருந்து என்றார் விற்பனைக்காரர். விடுங்கள்.)

பேக்கப் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கிறது. இரவில் வரிசையாக எழுதுகிற வேலைக்கு அதன் வேகம் போதும், விலையும் குறைவு. அப்புறம், எஸ்எஸ்டி இருந்தால் பேக்கப் எதற்கு என்று கேட்டவருக்கு: கண்டிப்பாக வேண்டும். எஸ்எஸ்டி பல சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும், அழிந்த கோப்பை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கை விடக் கடினம்.