படத்தில் பார்த்த பேரழிவும் எங்கள் ஊருக்கு வந்ததும்

பேரழிவுப் படங்கள் பார்த்து வளர்ந்தவர்கள், உங்கள் வாசலில் நிஜமாக நடந்ததையும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

2004-ல் வந்த 'தி டே ஆஃப்டர் டுமாரோ' படத்தை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து வீட்டு வீசிடியில் பார்த்தேன். ஊர் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை, இப்போது பெஸ்தாரி ஜெயா. அட்லாண்டிக் நீரோட்டம் குலைந்து, நியூயார்க் தெருக்களில் கடல் புகுந்து, சில நாளில் எல்லாம் உறைந்துவிடும். நீரோட்டம் பலவீனமாகும் அபாயம் உண்மைதான். ஆனால் அது நாள் கணக்கில் நடக்காது, பல பத்தாண்டுகள் பிடிக்கும். அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. "இங்கயும் வருமாப்பா?" என்று பயந்து கேட்டேன். "அதெல்லாம் பெரிய பட்டணத்துக்கு, நமக்கென்ன" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் புகைமூட்டம் வந்தது. காற்று இல்லை, சத்தம் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் எதிர் லயம் காணோம். 11-ம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அப்பா வேலைக்குப் போனார். செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டினால்தான் கூலி. மரத்து உச்சியில் குலையின் நிறமே தெரியவில்லையாம். கீழே உதிர்ந்த பழத்தைத் தடவிப் பார்த்து, பழுத்திருக்கும் என்று கணித்து அரிவாளை மேலே நீட்டினாராம். முகத்தில் கட்டிப்போன ஈரத்துண்டு சாயங்காலம் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அம்மா அதை மூன்று தண்ணீரில் அலசினார்.

அந்தப் புகையில் பெரும்பங்கு இந்தோனேசியாவின் சுமத்ராவில் எரிந்த கரிமண்ணிலிருந்து வந்தது. ஆனால் எங்கள் பக்கத்து ராஜா மூசா காட்டிலும் அதே கரிமண்தான், மலாயில் கம்புட் என்பார்கள். மட்காத இலையும் வேரும் ஆயிரக்கணக்கான வருஷமாகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் மண் அது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்ந்துபோகும். பிறகு தீப்பிடித்தால் அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும், லேசான மழைக்கு அணையாது. அத்தனை காலம் பூட்டிக் கிடந்த கரியும் (கார்பன்) வானத்துக்குப் போய்விடும். வடித்த மண்ணில் பல இடங்களில் நடுவது செம்பனை. எங்கள் வீட்டில் உலை கொதித்ததும் செம்பனையால்தான். படங்களில் பேரழிவு எங்கிருந்தோ வந்து மனிதர்கள்மேல் விழுகிறது. வாய்க்கால் வெட்டுகிறவனையும் அவனுக்குக் கூலி கொடுக்கிறவனையும் அதில் நான் பார்த்ததே இல்லை. அந்த இடம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

—

அக்கா, நானும் நம்ம ஊர்தான். வேலைக்காக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்கு வந்துவிட்டேன். 2021 டிசம்பர் 18-ல் எங்கள் வீட்டில் வெள்ளம். நான் அலை வரும் என்றே நினைத்திருந்தேன், படம் பார்த்த புத்தி. தண்ணீர் குளியலறைத் துவாரம் வழியாகக் கொப்பளித்து வந்தது. சாமி படத்தைக் கழற்றி மேலே வைத்துவிட்டுத் திரும்பினால் முழங்கால் அளவு.

வடிந்த பிறகு நான்கு நாள் சேறு அள்ளினோம். ஊரிலிருந்து சித்தப்பா லோரியில் மண்வெட்டியும் அண்டா நிறையச் சோறும் கொண்டுவந்தார். படத்தில் தண்ணீர் வடிந்ததும் ஹெலிகாப்டர் வரும், கதை முடிந்துவிடும். எங்களுக்கு வேலையே அங்கேதான் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டி மல்லாந்து கிடந்தது. கதவைத் திறந்தபோது சித்தப்பா பேசாமல் என் மகளை வெளியே தூக்கிக்கொண்டு போனார்; உள்ளே இருந்தது அவளுடைய பிறந்தநாள் கேக்.