யோகோ ஒகாவாவின் 'தி மெமரி போலீஸ்': காரணமே சொல்லாத கதையை எப்படி வாசிப்பது?

தாழ்வாரம்:
ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவாவின் 'தி மெமரி போலீஸ்' நாவலைப் பாதிவரை படித்திருக்கிறேன். ஒரு தீவில் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன, மக்கள் அவற்றை மறந்தும் போகிறார்கள். மறக்க முடியாதவர்களை நினைவுக் காவலர்கள் பிடித்துப் போகிறார்கள். இதுவரை சரி. ஆனால் ஏன் மறைகின்றன, ஆள்வது யார், எதையுமே சொல்லக் காணோமே? அறிவியல் புனைவு என்றால் ஒரு காரணமாவது வேண்டாமா? நடுநடுவே கதைசொல்லி எழுதும் நாவல் வேறு குறுக்கே வருகிறது. அந்தப் பகுதிகளைத் தாண்டிப் படிக்கலாமா? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை.

நூலகவாசி:
எனக்கு மிக நெருக்கமான நாவல் இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காரணத்தை யார் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? கதை சொல்பவளே மறக்கிறவர்களில் ஒருத்தி. பறவைகள் மறைந்த நாளை நினைத்துப் பாருங்கள். அவளுடைய அப்பா பறவை ஆய்வாளர். அவர் பக்கத்தில் இருந்து பறவைகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அன்று வானத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று பறக்கிறது, மார்பில் கொஞ்சம் வெள்ளை. அப்பாவோடு பார்த்த இனமா என்று யோசிக்கத் தொடங்கும்போதே, பறவைகளைப் பற்றித் தனக்குத் தெரிந்த எல்லாமே போய்விட்டதை உணர்கிறாள். 'ஏன்' என்று கேட்பதற்கே அந்தப் பொருள் மனதில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? ஒகாவா மேலே நின்று விளக்கியிருந்தால் நாம் தீவுக்கு வெளியே பத்திரமாக இருந்திருப்போம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இந்த நாவலில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

காவலர்களைவிட ஊர் மக்கள்தான் என்னை உலுக்கினார்கள். ரோஜாக்கள் மறையும்போது அவரவர் தோட்டத்துப் பூக்களை அவர்களே கொண்டுவந்து ஆற்றில் விடுகிறார்கள். தொப்பிகள் மறைந்தபோது எதிர்வீட்டுத் தொப்பிக்காரர் குடை செய்யத் தொடங்கிவிடுகிறார். ஒரே வரியில் வந்து போகும் செய்தி அது. பல பக்கங்கள் தள்ளி நாவல்களே மறைகின்றன, புத்தகங்களை எரிக்கிறார்கள், நூலகமும் எரிகிறது. நம் கதைசொல்லி என்ன செய்கிறாள்? ஒரு நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குப் போகிறாள். தொப்பிக்காரர் செய்த அதே காரியம்! ஆசிரியர் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டுவதே இல்லை.

அப்புறம் அந்த ஒளிவிடம். எதையும் மறக்காத தன் பதிப்பாசிரியர் 'ஆர்' (R) என்பவரை வீட்டில் இரண்டு தளங்களுக்கு நடுவே உள்ள சின்ன அறையில் ஒளித்து வைக்கிறாள். மேலே இருப்பவர் கீழே இருப்பவரோடு பேசுவதற்குப் புனலையும் ரப்பர் குழாயையும் பொருத்துகிறார்கள். காவலர்களிடம் இருக்கும் அதிகாரத்துக்கு எதிரே இவர்களிடம் இருப்பது அந்தப் புனல்தான். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, இளம்வயதில் அதைப் படித்த ஒகாவாவை ஆழமாகப் பாதித்தது. அது இந்த அறைக்குள் நன்றாகவே தெரிகிறது. ஜப்பானிய மூலம் 1994-இல் வந்தது, ஸ்டீபன் ஸ்னைடரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019-இல். இத்தனை ஆண்டுகள் கழித்து வந்தும் பழைய வாடை கொஞ்சமும் இல்லை.

மழைக்குருவி:
பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஓர் இடம் இடிக்கிறது. ஆர் ஒளிந்திருக்கும்போது வெளியே அவர் மனைவிக்குக் குழந்தை பிறக்கிறது. உள்ளே அவரும் கதைசொல்லியும் நெருக்கமாகிறார்கள். அந்த மனைவியின் வலியை நாவல் லேசாகக் கடந்துவிடுகிறது. அவளுக்கு இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம்.

தாழ்வாரம்:
நூலகவாசி, நன்றி. தொப்பிக்காரரை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் உள்கதையைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

நூலகவாசி:
மழைக்குருவி சொல்வது நியாயம். எனக்கும் அந்த மனைவியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைதான்.

உள்கதையைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். அதில் தட்டச்சு கற்கும் பெண்ணுக்குக் குரல் போய்விடுகிறது. அவளுடைய காதலனான தட்டச்சு ஆசிரியனே அவளை ஒரு கோபுர அறையில், பழுதான தட்டச்சு இயந்திரங்களுக்கு நடுவே அடைத்து வைக்கிறான். வெளிக்கதையில் பொருள்கள் முடிந்து உடலே மறையத் தொடங்குகிறது. முதலில் இடது கால், பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் கதைசொல்லியிடம் மிஞ்சுவது குரல் மட்டும். அவள் எழுதிய பெண் முதலில் இழந்தது எதுவோ, அதை இவள் கடைசியாக இழக்கிறாள். நீங்கள் கேட்ட 'யார்' என்பதற்கும் இங்கே ஒரு பதில் உண்டு. தீவில் பறிப்பவன் முகம் தெரியவில்லை. உள்கதையில் அவன் நன்றாகத் தெரிந்தவன், அவள் விரும்பியவன். தீவில் சொல்ல முடியாததை அவள் தன் நாவலில் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றே நான் வாசித்தேன்.

எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்? நாட்காட்டிகள் மறைந்து, வசந்தமே வராமல் பனி கொட்டும் பகுதி வந்துவிட்டதா?