எம்.அக் (கணக்கியல் முதுநிலைப் படிப்பு) முடித்து ஆடிட் நிறுவனத்தில் சேர்ந்தவர்களே, முதல் வருடம் எப்படி இருந்தது?

நானே ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவில் சிபிஏ, அதாவது பொதுக் கணக்காளர், உரிமத்துக்குக் கல்லூரியில் 150 கிரெடிட் கேட்டார்கள். இளநிலையில் வந்தது 120. மிச்சம் 30ஐ நிரப்பத்தான் எம்.அக் சேர்ந்தேன், வேறு பெரிய லட்சியமெல்லாம் இல்லை. ஆனால் நிறுவனங்கள் கேம்பஸுக்கே ஆள் எடுக்க வந்தன. ஒரு பாடம்கூட முடியாத இரண்டாவது மாதத்திலேயே வேலைக் கடிதம் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் டிசம்பர் 31. கிளையன்டின் கிடங்கில், கையுறை போட்டும் விரல் விறைக்க, சரக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டியலில் உள்ள நாற்பது உருப்படியும் அலமாரியில் இருந்தன. வேலை முடிந்தது என்று சீனியரைக் கூப்பிட்டேன். "சரி, அலமாரியிலிருந்து பட்டியலுக்குப் பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. பட்டியலிலிருந்து அலமாரிக்குப் போகும் முதல் வழியில், இல்லாத சரக்கை இருப்பதாக எழுதியிருந்தால் மாட்டும். இருப்பதை எழுதாமல் விட்டிருந்தால் இரண்டாவது வழியில்தான் மாட்டும். பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

மறுபடி ஏணி ஏறினேன். மூன்றாவது அடுக்கில் பிளாஸ்டிக் சுற்றிய மோட்டார்கள், எந்தத் தாளிலும் இல்லை. "அது எங்க சரக்கில்லை தம்பி, வேற கம்பெனி விற்கச் சொல்லி வைத்தது" என்றார் கிடங்குப் பொறுப்பாளர். உண்மைதான். ஆனால் அதற்கான ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது.

* * *

நான் வரிப் பக்கம். கிடங்கு, ஏணி எதுவும் இல்லை, நாற்காலிதான். சின்ன நிறுவனம் என்பதால் முதல் மாதமே கிளையன்டோடு நேரில் பேச விட்டார்கள். முதலில் போட்ட கூட்டாண்மை நிறுவன வரி ரிட்டர்ன் 31 திருத்தக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. அதில் பாதி ஒரே தவறு, பக்கத்துக்குப் பக்கம் ஓடியிருந்தது.

என்னைக் கேட்டால், எம்.அக் படிப்பு ஆடிட்டைவிட வரிக்குத்தான் அதிகம் கை கொடுக்கிறது. ஆடிட்டை வேலையில் கற்றுக்கொள்ளலாம். கூட்டாண்மை வரியை மார்ச் மாத நெருக்கடியில் புதிதாகக் கற்க முடியாது. 2024 முதல் சிபிஏ தேர்வில் மூன்று தாள் பொது, நான்காவது நம் விருப்பம். நான் வரித் திட்டமிடலை எடுத்தேன்.

* * *

நாலு வருடம் ஆடிட், இப்போது ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். வெளியே போகும் வழியைப் பற்றிச் சொல்கிறேன், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பங்குச் சந்தையில் உள்ள ஒரு கிளையன்ட், மதிய உணவின்போது "இங்கேயே வந்துவிடுங்களேன்" என்றார். நான் பாட்டுக்குச் சிரித்து மழுப்பியிருந்தால், ஆடிட் பார்க்கும் இடத்திலேயே வேலைக்குப் பேசியதாகி வம்பாகியிருக்கும். அன்று மாலையே எங்கள் ஆடிட் நிறுவன பார்ட்னரிடம் சொன்னேன், மறுநாள் அந்த ஆடிட்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அந்தக் கிளையன்டின் நிதி அறிக்கையை மேற்பார்க்கும் பதவி என்றால், அமெரிக்காவின் 2002 சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி ஒரு வருட இடைவெளி வேண்டும். கடைசியில் நான் சேர்ந்தது வேறு இடம்.

இப்போது எம்.அக் சேர நினைப்பவர்கள் முதலில் தங்கள் மாநில விதியைப் பாருங்கள். 2025இல் ஒஹாயோ உட்படப் பல மாநிலங்கள் சிபிஏ தேர்வோடு இளநிலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் போதும் என்று இன்னொரு வழியைத் திறந்திருக்கின்றன. வெறும் 30 கிரெடிட்டுக்காக என்றால் நான் கடன் வாங்கிச் சேர மாட்டேன். கேம்பஸிலேயே வேலை கிடைப்பதற்காக என்றால், சேர்வேன்.