கொஸ்த்ரோமா இபாத்தியெவ் மடத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி (மாஸ்கோ மாணவன்):
இங்கே மருத்துவம் படிக்கிறேன், மே மாதம் அம்மா வருகிறார். வோல்கா ஆற்றங்கரையில் இருக்கிற கொஸ்த்ரோமா நகருக்கும் அங்கே உள்ள இபாத்தியெவ் கிறிஸ்தவ மடத்துக்கும் ஒரே நாளில் போய்வரலாமா? அம்மாவுக்குப் புடவைதான், முழங்கால் வலி வேறு. ஜார் குடும்பத்தைச் சுட்டுக் கொன்ற இடமே இதுதான் என்று ரூமில் ஒருத்தன் சொல்கிறான், நிஜமா?

சரித்திரப் பிரியன்:
இல்லை தம்பி. சுட்டது 1918இல் யெகாதெரின்பர்கில், இபாத்தியெவ் என்ற பொறியாளர் வீட்டில். அந்த வீட்டை 1977இல் இடித்தும் விட்டார்கள். இந்த மடம் அந்த ஜார்களின் ரொமானோவ் வம்சம் தொடங்கிய இடம். 1613இல், 16 வயது மிகயில் ரொமானோவ் தன் தாயோடு இங்கே இருந்தபோதுதான் மாஸ்கோவிலிருந்து தூதுக்குழு வந்து அரசனாகச் சொல்லிக் கெஞ்சியது. முந்தைய ஜார்களுக்கு நேர்ந்த கதியைப் பார்த்த அந்த அம்மாள் லேசில் சம்மதிக்கவில்லையாம், எந்த அம்மாதான் சம்மதிப்பார்!

கலா அக்கா:
புடவைக்கு ஒரு பிரச்சினையும் இல்லைப்பா, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டால் போதும். நீதான் தொப்பியைக் கழற்றணும், அரை டிராயரோடு போயிடாதே. அப்புறம், செருப்பைக் கழற்ற வேண்டாம். அம்மா பழக்கதோஷத்தில் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார், பார்த்துக்கொள். வழிபாடு முழுக்க நின்றபடிதான், அதனால் முழங்கால் வலிக்கு வழிபாடு இல்லாத நேரமாகப் போவதே நல்லது. கோயிலுக்குள் ஏறப் படிகளும் உண்டு.

ஊர்சுற்றி:
ஒரே நாள் வேண்டவே வேண்டாம், ரயிலிலேயே பாதி நாள் போய்விடும், ஒரு ராத்திரி தங்குங்கள். மடம் நகரின் நடுவில் இல்லை, கொஸ்த்ரோமா ஆற்றுக்கு அக்கரையில், அது வோல்காவில் கலக்கிற இடத்தில் இருக்கிறது, டாக்சி பிடித்துவிடுங்கள். அம்மாவின் இந்திய வங்கி விசா (Visa) கார்டு ரஷ்யாவில் எங்குமே செல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே போனதும் அரண்மனை அறைகளுக்கு ஓடாமல் முதலில் திரித்துவப் பேராலயத்தைப் பாருங்கள். 1685இல் கூரி நிகீத்தினும் சீலா சாவினும் ஒரு குழுவோடு தீட்டிய சுவரோவியங்கள், சுவர், தூண், கூரை என்று ஒரு சாண் இடம் விடவில்லை. வரிசை வரிசையாக விவிலியக் கதைகள் ஓடும், நீலமும் காவியும் தூக்கலாக இருக்கும். மேல் வரிசைகளைப் பார்க்கக் கழுத்து வலிக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள். அரண்மனை அறைகள் 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவை, எனக்குச் சுமார்தான். நேரம் மிச்சமிருந்தால் மதிலை ஒட்டியே மரக்கட்டிட அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய மரக் கோயில்களையும் குடியானவர் வீடுகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதுதான் அதிகம் பிடிக்கும் என்று தோன்றுகிறது.