எல்.எல்.எம். முடித்தாச்சு: வகுப்பறையா, கோர்ட்டா?

அரூர்ப் பெண்:
சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். முடித்து, விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட்டும் தேறிவிட்டேன். எட்டு மாதமாகத் தருமபுரி கோர்ட்டில் ஜூனியர். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தத்தான் ஆசை. சீனியரோ, பத்து வருஷம் பிராக்டீஸ் பண்ணிவிட்டுப் போ என்கிறார். என்ன செய்யட்டும்?

கிருஷ்ணகிரி வக்கீல்:
சீனியர் சொல்வதைக் கேளம்மா. எங்களுக்குச் சாட்சியச் சட்டம் நடத்தியவர் ஒரு சாட்சியைக்கூட விசாரித்தவர் இல்லை. பிரிவெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார், ஆனால் என் முதல் குறுக்கு விசாரணையில் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றபோது கட்சிக்காரர் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. வாச்சாத்தி வழக்கை எடுத்துக்கொள். 1992-இல் அந்தப் பழங்குடிக் கிராமத்துப் பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமைக்கு 2011-இல்தான் தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு. பயந்துபோன மலைவாசிப் பெண்களைக் கூண்டில் ஏற்றிப் பேசவைப்பது எப்படி என்று எந்தப் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுப்பாய்?

விரிவுரையாளர் அக்கா:
அண்ணா, அதே வாச்சாத்தியைத்தான் நான் வகுப்பில் நடத்துகிறேன். குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே அரசு ஊழியர்கள், வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை. அந்த வழக்கை வரிவரியாகப் படிக்கவைத்தால் அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை நீங்கள் கேட்டதில்லை. தருமபுரிக்கு அரசு சட்டக் கல்லூரி 2017-இல்தான் வந்தது, பல பிள்ளைகளுக்கு வீட்டில் முதல் பட்டமே இதுதான். அவர்களுக்கு நல்ல வாத்தியார் வேண்டாமா? 2024 ஜூலையில் குற்றவியல் சட்டம் மாறி, கொலைக்கான பிரிவு 302 என்பது 103 ஆனபோது, புதுப் பிரிவுகளைக் கேட்டு வக்கீல்களே எனக்குப் போன் செய்தார்கள்.

கிருஷ்ணகிரி வக்கீல்:
சரி, ஆனால் வேலை எங்கே? அரசு சட்டக் கல்லூரி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பு 2018-க்கு அப்புறம் 2025-இல்தான் வந்தது. அதுவரை கௌரவ விரிவுரையாளராகவே காலம் போய்விடும். வேலை கிடைத்தாலும் பார் கவுன்சிலில் பதிவை நிறுத்திவைக்க வேண்டும், அப்புறம் கோர்ட்டில் வாதாட முடியாது.

பாலக்கோடு ஜூனியர்:
நிரந்தர வேலைக்குத்தான் அப்படி, சார். பார் கவுன்சிலின் 1979 விதிப்படி வக்கீலாக இருந்துகொண்டே நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் நடத்தலாம். அரூர் அக்கா, நீங்கள் காலையில் வகுப்பு, அப்புறம் கோர்ட் என்று இரண்டு வருஷம் பாருங்களேன்.

கிருஷ்ணகிரி வக்கீல்:
அந்த இரண்டு வருஷமும் விசாரணை வழக்காகப் பார்த்து எடு. வாய்தா வாங்கவே போய்க்கொண்டிருந்தால் எதுவும் கற்க மாட்டாய்.

அரூர்ப் பெண்:
கேட்டுக்கொண்டேன், சார். நாளைக்கே சீனியரிடம் பேசுகிறேன். டி.ஆர்.பி. படிப்பை மட்டும் விடமாட்டேன்.